நான்கு வீதி ஒத்திகை

அந்தப் பெண் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். "நடக்க முடியலன்னா கவலப்படாதீங்க ஆன்ட்டி. பஸ்லயே உக்காந்துக்கலாம். ஜன்னல் வழியாவே எல்லாம் நல்லாத் தெரியும்."

தில்லைநகரில் வெளிநாட்டு டூர் ஏற்பாடு செய்யும் ஆபீஸ் அது. சுவர் முழுக்கப் பனிமலை. பக்கத்து நாற்காலியில் என் வீட்டுக்காரர். அவள் என் முழங்காலைப் பார்த்த பார்வையில் எனக்குச் சுர்ரென்று ஏறியது. அறுபத்து மூன்று வயதில் முதல் தடவையாகக் கடல் தாண்டப் போகிறவளை ஜன்னலோரம் உட்காரச் சொல்ல இவள் யார்?

அவள் கொடுத்த தாளில் ஒருவருக்கு ஒரு பெட்டி, அவரவர் பெட்டியை அவரவரே இழுக்க வேண்டும் என்று போட்டிருந்தது. ஸ்ரீரங்கத்துக்குத் திரும்பும் பஸ்ஸிலேயே முடிவெடுத்தேன். தினமும் விடிகாலையில், கட்டிய பெட்டியோடு கோயிலைச் சுற்றி இருக்கும் சித்திரை வீதி நான்கையும் சுற்றி வருவேன். ஒரு சுற்றை நிற்காமல் முடித்தால் டூர். இல்லாவிட்டால் என் வீட்டுக்காரரைத் தனியாக அனுப்பிவிட்டு வீட்டோடு இருந்துவிடுவேன். வீட்டுக்கு வந்து அவரிடம் சொன்னபோது பேப்பரை விட்டு நிமிராமல் "செய்யேன்" என்றார்.

அவரைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். உப்பிலியபுரத்தில் ஒரு கல்யாணத்துக்குக் காலையில் போய்ச் சாயங்காலம் திரும்புவதற்கு மூன்று சட்டை எடுத்து வந்த மனிதர் அவர். கேட்டால், "வேர்த்துட்டா என்ன பண்றது?" என்பார்.

நல்ல நாள் பார்த்து என் பெட்டியைக் கட்டினேன். கட்டியதைவிடக் கழித்ததுதான் அதிகம். பட்டுப் புடவை வெளியே போனது. குட்டி ரைஸ் குக்கர் வெளியே போனது. ஊறுகாய் பாட்டிலை மூன்று முறை உள்ளே வைத்து மூன்று முறை மனசில்லாமல் எடுத்தேன். கடைசியில் மிஞ்சியது நான்கு சுடிதார், ஸ்வெட்டர், ஷூ, மருந்து டப்பா, பருப்புப் பொடி, குடை. நல்ல நேரத்தில் பூட்டிய பெட்டியைக் கிளம்பும்வரை திறக்கக் கூடாது என்பது எங்கள் அம்மா வீட்டு வழக்கம். பூட்டி வைத்துவிட்டேன். பூட்டின் எண் அவருக்கும் தெரியும்.

முதல் நாள் கீழச்சித்திரை வீதியில் சக்கரச் சத்தம் கடகடவென்று தெருவையே எழுப்பியது. முனையில் பூக்கட்டிக்கொண்டிருந்த பெண், "ஊருக்காக்கா? நல்லபடியா போயிட்டு வாங்க" என்றாள். மேல வீதியில் முழங்கால் முனக ஆரம்பித்தது. வடக்கு வீதியின் பாதியில் யார் வீட்டுப் படியிலோ உட்கார்ந்துவிட்டு ஆட்டோவில் திரும்பினேன். "பஸ்ஸ விட்டுட்டீங்களாக்கா?" என்று அந்தப் பூக்காரப் பெண் உண்மையாகவே வருத்தப்பட்டாள்.

மறுநாளும் அதே படி. அதற்கு மறுநாளும்.

நான்காம் நாளிலிருந்துதான் என்னவோ நடந்தது. புரட்டாசி இருட்டு மெல்லக் கரையும் நேரம். கொள்ளிடத்துக் காற்று, வாசல் தெளித்த ஈரம், எங்கோ ஒரு மாட்டு மணி. பின்னால் பெட்டி வருவதே மறந்துபோகும். தெற்கு வீதி ஏதோ ஒரு ஏரிக்கரை ஆகிவிடும். மேல வீதியில் பனி விழும். கோலங்களை மிதிக்காமல் ஒதுங்கி ஒதுங்கிப் போகையில், பெயர் தெரியாத ஊரில் பெயர் தெரியாத தெருவில் நான் மட்டும் நடப்பதாகத் தோன்றும். தலைக்கு மேல் நிற்கும் கோபுரத்தைக்கூட அன்றுதான் பார்ப்பவள் போல அண்ணாந்து பார்ப்பேன். நாளுக்கு நாள் பெட்டி இலேசாகிக்கொண்டே வந்தது. ஒன்பதாம் நாள் வடக்கு வீதியை நிற்காமல் கடந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து, "பாத்தீங்களா?" என்றேன். "பாத்தேன், பாத்தேன்" என்றார் பேப்பருக்குப் பின்னாலிருந்து.

கிளம்ப மூன்று நாள் இருக்கும்போது வடக்கு வீதியில் தூறல் பிடித்துக்கொண்டது. இப்போது சளி பிடித்தால் எல்லாம் கெட்டது. வழக்கமாவது ஒன்றாவது என்று ஓரமாக ஒதுங்கிக் குடைக்காகப் பெட்டியைத் திறந்தேன். குடை இல்லை. ஸ்வெட்டர் இல்லை. ஷூ, மருந்து, பொடி எதுவுமே இல்லை. இரண்டு சுடிதாருக்கு நடுவில் எங்கள் வீட்டுத் தலையணை சுகமாகப் படுத்திருந்தது.

எனக்கு அழுகை வந்தது. இத்தனை நாள் நான் ஊர்வலம் விட்டது ஒரு தலையணையை. வீடு வந்து சேரும்வரை அந்தத் தெருக்களில் ஒன்றுகூட வேறு ஊராக மாறவில்லை.

நேரே போய் அவருடைய பெட்டியைத் திறந்தேன். என் ஷூ, என் ஸ்வெட்டர், என் மருந்து டப்பா, பருப்புப் பொடி, குடை, மீதி இரண்டு சுடிதார். நான் மனசில்லாமல் வெளியே எடுத்து வைத்த ஊறுகாய் பாட்டில்கூடத் துணி சுற்றி ஒரு மூலையில் இருந்தது. அவருடையது என்று பார்த்தால் இரண்டே சட்டை.

"ஏங்க, என்ன ஏமாத்துனீங்களா?"

பேப்பர் கீழே இறங்கியது. "தெனம் ஒண்ணு ரெண்டுதான் எடுத்தேன். பஸ்ல உக்காந்துக்கங்கன்னு அந்தப் பொண்ணு சொன்னப்ப ஒன் மொகத்தப் பாத்தேன்ல. நீ இல்லாம அங்க போயி நான் என்னத்தப் பாக்கறது?"

"ரெண்டே சட்டை. வேர்த்துட்டா?"

"அங்க குளுருமாம்" என்றார்.

கோபம் அப்போதும் போகவில்லை. அந்தக் கோபத்தோடேயே அவர்மேல் அப்படி ஓர் ஆசை வந்தது, முப்பத்தைந்து வருஷத்தில் வராத ஆசை. என் சாமான்களை எல்லாம் எடுத்து என் பெட்டியில் திரும்ப அடுக்கினேன். அவருடைய மூன்றாவது சட்டையைப் பீரோவிலிருந்து தேடி எடுத்து அவற்றின்மேல் வைத்தேன். ஊறுகாய் மட்டும் அவரிடமே இருக்கட்டும் என்று விட்டேன்.

மறுநாள் காலை அவரும் தன் பெட்டியோடு கூட வந்தார். வடக்கு வீதியின் பாதியில் என் கால் நின்றுவிட்டது. அதே படியில் உட்கார்ந்தேன். அவரும் பக்கத்தில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கழித்து நானாகவே எழுந்து பெட்டியை இழுத்தேன். நிற்காமல் வரவேண்டும் என்று விதி போட்டவளும் நான்தானே, அதை அந்தப் படியிலேயே விட்டுவிட்டு வந்தேன்.

பூக்காரப் பெண் இந்த முறை கேட்கும்போதே சிரித்தாள். "என்னக்கா, ஊருக்கா?"

"ஆமாம்மா, நாளான்னிக்கு" என்றேன். "ரெண்டு பேரும்."