வந்து சேர வேண்டிய செல்கள்

கார்முகிலுக்கு உட்காரத் தெரியாது என்று அவனோடு வேலை பார்ப்பவர்கள் சொல்வார்கள். நிலக்கரி ஓடும் கன்வேயர் பெல்ட்டின் ஓரமாக ஷிப்ட் முழுக்க நடந்து, எங்கே என்ன கோளாறு என்று பார்ப்பது அவன் வேலை. குவார்ட்டர்ஸுக்குத் திரும்பினாலும் கால் ஓயாது. மகள் அருள்ஜோதி பிறந்த பிறகு இருந்த கொஞ்ச நிம்மதியும் போயிற்று.

அவள் ஏழாம் மாதத்திலேயே பிறந்து, கண்ணாடிப் பெட்டியில் கிடந்து பிழைத்தவள். முகம் பார்த்துச் சிரித்தாள். ஆனால் ஒரு வயது தாண்டியும் உட்கார வைத்தால் சாய்ந்தாள். பொம்மைக்குக் கை நீட்டினால், கை அதைத் தாண்டிப் போய்த் தடுமாறித் திரும்பியது. அவனும் மனைவி பிரபாவதியும் குழந்தையைப் புதுச்சேரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

அங்கே டாக்டரம்மா ஸ்கேன் படத்தில் பின்மண்டைப் பக்கம் தொட்டுக் காட்டினார். "இது சிறுமூளை. கை கால் அசைவை அளந்து விடுற இடம். பாப்பாவுக்கு இது வயசுக்குச் சின்னதா இருக்கு."

"இன்னமே வளராதுங்களா?" என்று கேட்டான் கார்முகில்.

அவர் ஒரு தாளில் கிளை விரித்த மரம் போல ஒன்றை வரைந்தார். "இது பெரிய செல். எப்ப வேலை செய்யணும், எப்ப அடங்கணும்னு இதைச் சுத்தியிருக்கிற சின்னச் செல்கள்தான் பிடிச்சு நிறுத்துது. அதுலயே பல வகை இருக்கு. அடியில கூடை மாதிரி பின்னிப் பிடிக்கிறது ஒண்ணு. மேலே கிளைக்கு நடுவுல நட்சத்திரம் மாதிரி விரியிறது ஒண்ணு. இதுக்கும் கீழ் அடுக்குல, உள்ள வர்ற செய்தியை அடக்கி அனுப்புறது இன்னொண்ணு."

"எல்லாம் வேற வேற எடத்துல பொறக்குதுங்களா?"

"இல்லை, ஒரே கூட்டம்தான். உள்ளேருந்து கிளம்பி வெளிப்பக்கமா ஊர்ந்து வரும். எப்பப் பிறந்தது, எந்த அடுக்குல போய் நின்னதுங்கறதைப் பொறுத்துக் கூடையாவோ நட்சத்திரமாவோ ஆகும். மேலே போறது கடைசியில வரும். குழந்தை பிறந்து பல மாசம் வரைக்கும் இந்தப் பயணம் நடக்கும். உங்க பொண்ணு அதுக்கு ரொம்ப முன்னாடியே வெளிய வந்துட்டா."

"அப்ப எது வந்துச்சி, எது வழியிலயே நின்னுபோச்சின்னு..."

"எந்த ஸ்கேன்லயும் தெரியாது. பயிற்சி கொடுங்க. இருக்கிறதை வெச்சு அவ கத்துப்பா."

அந்தத் 'தெரியாது'தான் அவனை அரித்தது. திரும்பி வரும் பஸ்ஸில் வடலூர் வரும்வரை மகளின் பிடரியையே பார்த்துக்கொண்டு வந்தான். வேலை இடைவெளியில் போனில் சிறுமூளைப் படங்களைத் தேடினான். வீட்டில் அவளைச் சுவரோடு நிறுத்திக் கையை விட்டான். அவள் விழுந்தாள். மறுபடி நிறுத்தினான்.

"ஏங்க, வுடுங்க. அழுவுது பாருங்க" என்பாள் பிரபாவதி.

"இப்ப வுட்டா நேரம் போயிடும் பிரபா. அந்தச் செல்லுங்க இன்னும் வந்துகினு இருக்கும்."

ஒரு சாயங்காலம் முற்றத்துச் சிமென்ட் தரையில் அப்படிக் கைவிட்டபோது அவள் முகம் குப்புற விழுந்தாள். நெற்றி பிளந்து தையல் போட வேண்டியதாயிற்று. ஆஸ்பத்திரி வராந்தாவில் பிரபாவதி குரலை உயர்த்தவேயில்லை.

"அதுங்க வந்து சேர்றதுக்குள்ள எம்புள்ளயக் கொன்னுடாதீங்க."

அன்றோடு பயிற்சி அவள் பொறுப்பானது. தரையில் ஒரு குண்டானை வைத்து, பக்கத்தில் பலாக்கொட்டைகளைப் பரப்பி, ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் போடச் சொன்னாள். பிஞ்சுக் கை கொட்டையைத் தாண்டிப் போகும், திரும்பும், தவறும். எதிரே உட்கார்ந்திருந்த கார்முகிலின் கை தானாக நீளும்.

"கைய மடக்கினு ஒக்காருங்க" என்று பிரபாவதி தட்டிவிடுவாள். அவன் இரண்டு உள்ளங்கைகளையும் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு உட்காருவான். பெல்ட் ஓரமாக ஷிப்ட் முழுக்க நடப்பது அதைவிடச் சுலபம்.

மூன்று வயதுக்குப் பிறகுதான் அவள் நடந்தாள். கால்களை அகட்டி, இரு பக்கமும் சாய்ந்து சாய்ந்து, அடுப்படிவரை போய்த் தொப்பென்று உட்கார்ந்து, திரும்பிப் பார்த்தாள். பிரபாவதி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். கார்முகில் வெளியே போய்விட்டான்.

அடுத்த முறை புதுச்சேரியில் கேட்டான்: "கூடை வந்துதுங்களா, நட்சத்திரம் வந்துதுங்களா?"

டாக்டரம்மா சிரித்தார். "இதுக்கு எங்கிட்ட எப்பவும் பதில் இருக்காதுங்க. சிறுமூளை இப்பவும் சின்னதாத்தான் இருக்கு. ஆனா நடக்குறாளே."

இப்போது அருள்ஜோதி பள்ளிக்கூடம் போகிறாள். படியில் கைப்பிடியை விடமாட்டாள். அவள் எழுத்து கோட்டில் நிற்காது. சண்டை போடுவதில் மட்டும் குறைவில்லை. பின்சக்கரத்துக்கு இரு பக்கமும் சின்னச் சக்கரம் வைத்த சைக்கிள் ஒன்றை அவளுக்கு வாங்கித் தந்திருக்கிறான். அவள் வகுப்பில் வேறு யாருக்கும் அந்தச் சின்னச் சக்கரம் கிடையாது.

"அத்தக் கழட்டுப்பா" என்கிறாள் தினமும்.

"கழட்டலாம், கழட்டலாம்."

"எப்ப?"

பிரபாவதிகூடக் கழற்றிவிடலாம் என்றுதான் சொல்கிறாள். அவன்தான் இன்னும் கழற்றவில்லை.