கவிழ்ந்த ப

காலை ஒன்பது நாற்பது. அக்காள்மடத்து அங்கன்வாடி வாசலில் நின்ற எனக்கு முதலில் தெரிந்தது மகளின் சிலேட்டு. அவள் முகம் அதற்குப் பின்னால் மறைந்திருந்தது. சிலேட்டில் ஓர் எழுத்து. திறந்திருக்க வேண்டிய மேற்பக்கம் மூடியிருந்தது, மூடியிருக்க வேண்டிய அடிப்பக்கம் திறந்திருந்தது. தலைகீழாகக் கிடந்த ப.

அப்போது அவளுக்கு நான்கு வயது. நான் செய்தியாளன்; பிழையைக் கண்டால் கை சும்மா இருக்காது. கைக்குட்டையால் அதைத் துடைத்துவிட்டு அழகாக ஒரு ப எழுதிக் கொடுத்தேன். அவள் பல்பத்தைத் தரையில் வைத்தாள். பிறகு எடுக்கவில்லை.

மற்றப் பிள்ளைகள் அடுத்த எழுத்துக்குப் போனார்கள். இவள் சிலேட்டைக் கண்டாலே கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். "எனக்கு வராது" என்று ஒரு நாள் சோற்றுத் தட்டைப் பார்த்தபடி சொன்னாள். அந்த வாக்கியத்தை அவளுக்குக் கற்றுக் கொடுத்தது யார் என்று யோசித்தேன். எங்கள் வீட்டில் பேசுகிறவர்கள் நானும் மனைவியும்தான்.

டீச்சர் சாயல்குடிப் பக்கத்துக்காரர். வளையலில் எப்போதும் இரண்டு ஊக்குகள் தொங்கும். "நீங்க பேப்பர்ல எழுதுனத இன்னொருத்தவுக அழிச்சா சும்மா இருப்பீகளா சார்? எழுதுறதும் அவதான், அழிக்கிறதும் அவதான். இங்கன வந்தா கையக் கட்டிக்கிட்டு நில்லுங்க" என்றார். நான் எழுதுவதை அலுவலகத்தில் தினமும்தான் அழிக்கிறார்கள். சன்னலுக்கு வெளியே போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

ஒவ்வொரு காலையிலும் அவர் சிலேட்டையும் பல்பத்தையும் மகள் முன்னால் வைத்துவிட்டு நகர்ந்துவிடுவார். கெஞ்சுவதில்லை, திரும்பிப் பார்ப்பதுமில்லை. பத்தாம் நாள் அவள் பல்பத்தை எடுத்தாள். எழுதினாள். மறுபடியும் கவிழ்ந்த ப. சன்னலுக்கு வெளியே என் கை கைக்குட்டையைத் தேடியது.

"என்னடி இது?" என்றார் டீச்சர்.

"ப. மாமா வத்தை."

சுவரில் தொங்கிய அட்டையில் 'ப' எழுத்துக்கு மேலே படகுப் படம் இருந்தது. என் மைத்துனரிடம் ஒரு வத்தை உண்டு. கரையோரம் மீன் பிடிக்கும் சிறு படகு.

"அதுக்கு ஏன் கவுந்து கெடக்கு?"

"கடலுக்குப் போகலேல்ல. நிமுத்தி வச்சா மழத்தண்ணி ரொம்பிரும்." இதுகூடத் தெரியாதா என்பதுபோல் பார்த்தாள்.

டீச்சர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். "அதானே! மழை விடட்டும், நிமுத்திக்குவோம்."

அதன் பிறகு அவள் நாளெல்லாம் எழுதினாள், அழித்தாள். உள்ளங்கை வெளுத்து, பாவாடையில் பல்பத் தூள். கோடுகள் கோணின, சில சாய்ந்தன, சில படுத்தேவிட்டன. ஒரு நாள் நிமிர்ந்த ப ஒன்றோடு வந்து, கேட்காமலே என் முகத்துக்கு நேராகச் சிலேட்டைப் பிடித்தாள்.

மழை விட்டு, மைத்துனர் வத்தையை நிமிர்த்தியதைப் பார்த்துத்தான் எழுதியிருக்கிறாள் என்று முடிவு கட்டினேன். உறுதி செய்துகொள்ள அவரிடமே கேட்டேன்.

"வெள்ளிக்கெழம தொழுதுட்டு வந்துதான் நிமுத்துனேன் மச்சான்" என்றார் அவர். "ஏன், பேப்பர்ல போடப் போறீயளா?"

டீச்சரோ, அவள் வியாழக்கிழமையே எழுதிவிட்டாள் என்றார். அப்படியானால் அவளை நிமிர்த்தி எழுத வைத்தது எது? டீச்சரின் பொறுமையா? "நான் ஒண்ணும் பண்ணல சார், பல்பத்த வச்சேன், அம்புட்டுத்தான்." மகளிடம் கேட்டேன். "சும்மா" என்றாள். மூன்று பேரிடம் விசாரித்தும் செய்தி முழுமையாகவில்லை. இன்றுவரை அதை எப்படி எழுதுவது என்று எனக்குப் பிடிபடவில்லை.

மகள் இப்போது இரண்டாம் வகுப்பு. டீச்சர் மாற்றலாகிப் போய்விட்டார். அந்தச் சிலேட்டு என் மேசையில் இருக்கிறது. அதில் அவள் கடைசியாக எழுதியது இரண்டு ப. ஒன்று கவிழ்ந்திருக்கிறது.