சளி டப்பாவில் இட்லிப் பொடி

காசநோய்த் தன்னார்வலர் வேலையில் முதலில் கற்றுக்கொள்வது, அடுத்தவர் வாசலில் கூச்சமில்லாமல் நிற்பது. இரண்டு முறை நீட் எழுதிவிட்டு, மூன்றாவதற்குப் படித்துக்கொண்டே ஏதாவது செய்வோம் என்று அலைகிற என் இனத்தாருக்கு இது புரியும்.

டப்பா

திருவொற்றியூரில் வீட்டு வாசலில் இட்லி விற்கும் கன்னியம்மா அக்காவுக்கு மூன்று வாரமாக இருமல். காலையில் எழுந்ததும் சளி எடுத்து வைக்கச் சொல்லி மூடி போட்ட டப்பாவைக் கொடுத்தேன். மறுநாள் கனமாகத் திரும்பி வந்தது. திறந்தால் இட்லிப் பொடி.

"சளி வரல கண்ணு. வெறும் டப்பாவ எப்டி திருப்பிக் குடுக்கறது?"

பச்சைக் கோட்டு

வேறு டப்பா கொடுத்து, ஆழமாக இருமச் சொல்லி எடுத்ததில் காசநோய் உறுதியானது. கடையை மூடி மாத்திரை சாப்பிட்டார். இனி யாருக்கும் தொற்றாது என்று டாக்டர் சொன்ன பிறகே அடுப்பைப் பற்றவைத்தார். ஆனால் ஆறு மாதம் மாத்திரையை விடக்கூடாது. அதைக் கண்காணிப்பது என் வேலை.

நானோ முதுகில் 'காசநோய் ஒழிப்பு' என்று கொட்டை எழுத்தில் போட்ட பச்சைக் கோட்டோடு, கூட்டம் நிற்கிற ஏழு மணிக்குப் போய் நின்றேன். டாக்டராகப் போகிற மிதப்பு! நாலே நாளில் கடை ஈ ஓட்டியது. ஐந்தாம் நாள் மாத்திரை வேண்டாமென்று கதவைச் சாத்தினார்.

"மாத்திர துண்ணலன்னா எப்பனா சாவேன். நீ இப்டி வந்துகினு இருந்தா இப்பவே பட்டினி கெடந்து சாவேன்."

நாலு இட்லி

அன்று வீட்டுக்குப் போய் அழுதேன். பாதியில் விட்டால் நோய் முற்றும் என்று ஊரெல்லாம் சொன்ன நானே அவரை விடவைத்துவிட்டேன்.

மறுநாள் கோட்டைக் கழற்றிப் பைக்குள் திணித்துவிட்டுப் போனேன். நாலு இட்லி வாங்கி, தெரு முழுக்கப் பார்க்கும்படி அங்கேயே உட்கார்ந்து மெதுவாகச் சாப்பிட்டேன். அக்கா முகம் கொடுக்கவில்லை. மூன்றாம் நாள்தான் சட்னி ஊற்றும் சாக்கில் பக்கத்தில் வந்து, மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தார்.

"நோயி நோயின்னு வந்தவளே துன்றா, நமக்கின்னான்னு எதிர்வூட்டம்மா பத்து இட்லி வாங்கினு போச்சு."

மறுபடியும் டப்பா

ஆறு மாதம் முடிந்தது. எக்ஸ்ரே சுத்தம், சளிப் பரிசோதனை மட்டும் பாக்கி. அதே வாரம் என் நீட் முடிவும் வந்தது. இந்த முறையும் இடமில்லை. தொங்கிய முகத்தோடு டப்பாவை வாங்கப் போனேன். கனத்தது.

"எவ்ளோ இருமுனாலும் ஒண்ணியும் வரல கண்ணு. வெறும் டப்பாவா குடுக்க மனசு வரல."

மூன்று முறை எழுதியும் டாக்டராகாத எனக்கு மிஞ்சியது, குணமான ஒரு நோயாளியும் அவர் இட்லியால் ஏறிய நாலு கிலோ எடையும்தான்.