உப்பு கடித்த இறக்கை

விமானக் கொட்டகையில், இறக்கைக்கு அடியில் மல்லாந்து படுத்து, கட்டைவிரல் நகத்தால் தகட்டை வருடிக்கொண்டிருக்கிறார் லென்ஸ் அக்கா. கழுத்தில் பூதக்கண்ணாடி தொங்குகிறது. ஆனாலும் முதலில் நகம்தான். "கண்ணு சமயத்துல அசந்துடும். நகம் அசராது."

கடலை ஒட்டிய சின்ன விமான நிலையம். தீவுகளுக்குப் போய்வரும் பன்னிரண்டு இருக்கை விமானங்களுக்கு இவர்தான் சோதனையாளர். இவர் கையெழுத்தில்லாமல் எதுவும் பறக்காது. நாற்காலியில் உட்காரும் முன்புகூட அதன் கால்களைக் குனிந்து பார்ப்பார். வீட்டில் அலுமினிய ஏணி படுக்கையறைக்குள் இருக்கிறது. "கடல் காத்து ஏணிக்கு ஆகாதாம், எனக்கு மட்டும் ஆகுமாம்" என்று கணவர் என்னிடம் முறையிட்டார்.

"உப்பு சும்மா ஒரு புள்ளி வெக்கும். ஏறி இறங்குற ஆட்டத்துல அந்தப் புள்ளி வாயத் தொறக்கும்" என்கிறார் அக்கா. அதிலிருந்து கிளம்பும் விரிசல் தலைமுடியைவிட மெல்லியதாம்.

நான் போன அன்று, பதினோரு மணி விமானத்தில் எனக்கும் ஓர் இருக்கை. ஓட்டப் போகிறவர் அக்காவின் கூடப்பிறந்த தம்பி. இறக்கை உடலோடு சேரும் இடத்தில் முந்தைய நாள் மாலை உப்புக் குழிகளைப் பார்த்திருந்தார் அக்கா. அங்கே சிவப்புச் சாயம் தடவி, துடைத்து, வெள்ளைப் பொடி தூவினார். விரிசல் இருந்தால், உள்ளே இறங்கிய சாயம் பொடியில் கசிந்து கோடு காட்டும். கோடே வரவில்லை. எனக்குப் போன உயிர் வந்தது. அக்காவின் முகமோ இறுகிவிட்டது.

"இத யாரு தேச்சது?"

"நாந்தான்" என்றார் மூத்த மெக்கானிக், பெருமையாக. "நீங்க பாக்க வசதியா இருக்கட்டும்னு எமரி பேப்பர் போட்டு கண்ணாடி மாதிரி ஆக்கிட்டேன்."

"கெடுத்தீங்களேண்ணே! அலுமினியம் வெண்ணெய் மாதிரி. தேச்சா இழுபட்டு விரிசலோட வாய மூடிக்கும். சாயம் எப்படி உள்ள போகும்?"

அமிலம் தடவி மேல்தோலைக் கரைத்து, முதலிலிருந்து சோதிக்க இரண்டு மணி நேரம் ஆகும். மேலாளர் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். தம்பியும் வந்துவிட்டார்.

"அக்கா, நேத்துகூட இதுலதான் போயிட்டு வந்தேன். கல்லு மாதிரி இருக்கு. கையெழுத்தப் போடுக்கா, ஜனங்க கத்துறாங்க."

"கத்தட்டும்."

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், போட்டுத் தொலைக்கக் கூடாதா என்றுதான் நானும் நினைத்தேன்.

அமிலம் தடவிக் கழுவி, மறுபடி சாயம் பூசிக் காத்திருந்து, பொடியைத் தூவினார். வெண்மையில் முதலில் ஒரு சிவப்புப் புள்ளி தெரிந்தது. அது மெல்ல நீண்டு, ஒரு விரல் நீளத்துக்குக் கோடாயிற்று.

தம்பி குனிந்து பார்த்தார். "நேத்தும் இதுலதானேக்கா..." என்றார்.

அக்கா சாயம் படிந்த வலது கையால் தம்பியின் சட்டைக் கையைக் கொத்தாகப் பற்றினார். மேலாளர் படிவத்தை நீட்டியபோதும் விடவில்லை. பழக்கமில்லாத இடது கையாலேயே, 'பறக்கக் கூடாது' என்று கோணல்மாணலாக எழுதிக் கொடுத்தார்.