அடுப்புக்கு மேலே போன கேபிள்

நெட் ஏன் மெதுவாக வருகிறது என்று ஊருக்கெல்லாம் சொல்லித் தருவதுதான் என் பிழைப்பு. "சார், மோடத்தை ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க, வயரைக் கழட்டி மாட்டுங்க" என்று காலையிலிருந்து சாயங்காலம் வரை போனில் பேசிச் சம்பளம் வாங்குகிறவள் நான். வாத்தியார் பிள்ளை மக்கு என்பார்கள். என் வீட்டில் வாத்தியாரே மக்காகி நின்ற கதை இது.

கொடைக்கானலுக்கு மேலே, பூண்டு விளைகிற மேல்மலைக் கிராமம் எங்களுடையது. நான் பிறந்தது குளிர் குறைந்த கீழ்மலையில், பண்ணைக்காட்டில். கல்யாணமாகி இங்கே வந்த புதிதில் குளிர் தாங்காமல் அழுதிருக்கிறேன். இப்போதோ மலையிறங்கி பஸ் வத்தலக்குண்டைத் தொட்டாலே வெக்கையில் எனக்கு மூச்சு முட்டுகிறது. வீட்டில் நான், கணவர், அத்தை மூன்று பேர்தான். அத்தை என்றால் என் மாமியார். மூன்று பேருக்கும் வாய் நீளம் என்பதால் சத்தத்துக்கு மட்டும் பஞ்சமில்லை.

எங்கள் கம்பெனி கோயம்புத்தூரில் இருக்கிறது. வீட்டிலிருந்து வேலை பார்க்கலாம், ஆனால் தனி அறை வேண்டும், கதவு சாத்தியிருக்க வேண்டும், நெட் வயர் வழியாகத்தான் வர வேண்டும். எல்லாம் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. பூண்டு பிடுங்கி முடிந்த கையோடு எனக்குச் சனி பிடித்தது. பேசிக்கொண்டிருக்கும்போதே வாடிக்கையாளர் குரல் கிணற்றுக்குள் போய்விடும். திரை அப்படியே உறைந்து நிற்கும். எங்கள் மேடம் பொறுமையானவர்தான், அவருக்கே பொறுக்கவில்லை.

"சனிக்கிழமை காலையில இங்கருந்து செக் பண்ணுவோம்மா. ஸ்பீடு வரலைன்னா திங்கள்கிழமையிலருந்து ஆபீசுக்கே வந்துருங்க. ஹாஸ்டல் பாத்துத் தர்றேன்" என்றார்.

ஹாஸ்டலாம்! வேலையை விடவும் மனசில்லை, அது நானே தேடிப் பிடித்த வேலை. வீட்டை விட்டுப் போகவோ அதைவிட மனசில்லை. சாப்பாட்டில் உட்கார்ந்து இதைச் சொன்னபோது கணவர் பிசைந்த சோற்றை அப்படியே வைத்துவிட்டார். அத்தை மட்டும், "குழம்பு ஊத்தவா?" என்று கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. நான் போனால் இந்த மனுஷிக்கு ஒன்றுமே இல்லையா என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாளே கோதாவில் இறங்கினேன். மோடத்தை அணைத்துப் போட்டேன். வயரின் முனையை வேறு துளையில் மாற்றிச் செருகினேன். கணவரின் போன், டி.வி. எல்லாவற்றையும் நெட்டிலிருந்து கழற்றிவிட்டேன். ஊஹூம். நெட் இணைப்புக் கொடுத்தவருக்குப் போன் போட்டுக் கத்தினேன். அவர் சிரித்துக்கொண்டே, "லேப்டாப்ப மோடம் பக்கத்துலயே கொண்டாந்து சின்ன வயர்ல மாட்டிப் பாருங்கக்கா" என்றார். இதைத்தானே நான் தினமும் ஊருக்குச் சொல்கிறேன்! எனக்கு வெட்கமாகப் போயிற்று.

முன்கட்டில் மோடத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மாட்டினேன். நெட் பறந்தது. ஆனால் அங்கே உட்கார்ந்து வேலை பார்க்க முடியாது. பூண்டு வாங்க வருகிறவர்கள் பேரம் பேசும் இடம் அது. என் அறை வீட்டின் கடைசியில் இருக்கிறது. மண்சுவர் ஒரு முழத் தடிமன், வைஃபை எட்டிக்கூடப் பார்க்காது. ஆக மோடத்தில் கோளாறில்லை, லைனில் கோளாறில்லை. நடுவில் போகிற நீள வயரில்தான் என்னவோ ஆகியிருக்கிறது.

"அத்தை, நெட் வயர்ல யாராச்சும் கை வச்சீங்களா?"

"எனக்கென்னத்தா தெரியும்? அந்த வயரு எங்க கெடக்குன்னே நான் கண்டதில்ல. எனக்கு வேற சோலியில்லையா?"

வயரைத் தடவிக்கொண்டே போனேன். முன்கட்டுச் சுவர், நிலைக்கு மேல் ஒரு ஓட்டை, அதைத் தாண்டி அடுப்படி. அண்ணாந்து பார்த்தேன்.

ஆத்தாடி!

எங்கள் பக்கம் விதைப்பூண்டை அடுப்புக்கு மேலே கொத்துக் கொத்தாகத் தொங்கவிடுவோம். புகை பட்டால்தான் அடுத்த நடவு வரை கெடாமல் இருக்கும். அந்தக் கொத்துகள் அத்தனையும் என் வயரில் தொங்கின. பாரம் தாங்காமல் அது தூளி மாதிரி தொய்ந்து கிடந்தது. புகை ஏறிக் கறுத்துப் போயிருந்ததால் வயர் என்றே தெரியவில்லை. முடிச்சுப் போட்ட இடமெல்லாம் நசுங்கியிருந்தது. உள்ளே ஓடுகிற மெல்லிய கம்பிகளில் ஒன்றிரண்டு அறுந்துபோனால் நெட் நொண்டாமல் என்ன செய்யும்?

"அத்தை! இதுதான் வயரு!"

அத்தை மேலே பார்த்தார், என்னைப் பார்த்தார். "இதா? இது எம்மகன் எனக்குக் கட்டிக் குடுத்த கயிறுல்ல? போன தடவை பூண்டு முடிஞ்சதும் ஏணி போட்டுக் கட்டுனானே. அம்மாவுக்குப் பாத்துப் பாத்துச் செய்யிறான்னு தெருவெல்லாம் சொல்லிட்டேனே!"

கணவர் வாசலில் நின்று விழுந்து விழுந்து சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மாமியார் உடைத்தால் மண்சட்டி, மருமகள் உடைத்தால் பொன்சட்டி என்று சும்மாவா சொன்னார்கள்? இதே காரியத்தை நான் செய்திருந்தால் வீடு இரண்டாகியிருக்கும். என் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

கணவர் கொடைக்கானல் போய்ப் புது வயர் வாங்கிவந்தார். வெளிச்சுவர் வழியாகக் கொண்டுபோனால் குரங்கு பிய்த்துவிடும், அடுப்படியை விட்டால் வழியில்லை. அவர் ஏணியில் நின்றபடி பேசுவது கதவு தாண்டிக் கேட்டது.

"பாதிக் கொத்து கம்புல கட்டி இங்கயே கெடக்கட்டும்மா. புகை படலைன்னா விதை வீணாப் போயிரும்."

"ஏலே, அம்புட்டையும் அவுத்து அந்தப் பக்கம் மாத்து. விதை போனா நாலு வீட்டுல கேட்டு வாங்கிக்கிறலாம். அவ போயிட்டா எங்குட்டுப் போயி வாங்குறது? வெரசா கட்டுடா."

என் கோபம் எங்கே போயிற்று என்றே தெரியவில்லை. எழுந்துபோய் ஏணியைப் பிடித்துக்கொண்டேன்.

சனிக்கிழமை காலையில் மேடம் கோயம்புத்தூரிலிருந்து சோதித்தார். திரையில் ஸ்பீடு முள் மளமளவென்று ஏறியது. "சூப்பர்மா, நீங்க அங்கயே இருங்க. ஆமா, என்னதான் பிரச்சினை?" என்றார்.

"பூண்டுங்க மேடம்" என்றேன். அவருக்கு விளக்கிச் சொல்வதற்குள் இரண்டு பேருக்கும் சிரித்துச் சிரித்து வயிறு வலித்துவிட்டது.

போனை வைத்ததும் கதவைத் திறந்தேன். அத்தை வெளியிலேயே நின்றிருந்தார்.

"போகணுமா?"

"போகலை அத்தை. இங்கதான்."

அவர் தன் அறைக்குப் போய் ஒரு பெரிய பையைத் தூக்கிவந்து என் கட்டிலில் வைத்தார். "அப்ப இதையெல்லாம் எடுத்து உள்ள வையி" என்றார். திறந்தேன். பூண்டு ஊறுகாய், பருப்புப் பொடி, அடியில் கம்பளி, இரண்டு ஸ்வெட்டர், குரங்குக் குல்லா. குழம்பு ஊற்றவா என்று கேட்ட மனுஷி எனக்குத் தெரியாமல் இத்தனையும் கட்டி வைத்திருக்கிறார்.

"கோயம்புத்தூர் வெயிலுக்கு ஸ்வெட்டரா அத்தை?"

"ஆபீசுல ஏசி போட்டுருப்பாகல்ல? நீ பண்ணைக்காட்டுக்காரி, குளிர் தாங்க மாட்டியே" என்றார் அத்தை. நான் அவரைக் கட்டிக்கொண்டு அழுதேன், சிரித்துக்கொண்டேதான்.