உவ்வே அக்காவின் வெந்நீர்க் கணக்கு

வெந்நீர் பாய்லரும் இஸ்திரிப் பெட்டியும் பழுது பார்க்கும் கடையைக் கணவனோடு சேர்ந்து நடத்தும் அவளுக்கு, அங்கே வருபவர்கள் 'உவ்வே அக்கா' என்று பெயர் வைத்திருந்தார்கள். அடுத்தவர் குடித்த டம்ளர், பேருந்துக் கம்பியின் பிசுக்கு, ஈரமான கால்மிதி என எதைக் கண்டாலும் அவளுக்குக் குமட்டும். அம்மாவின் பிடிவாதத்துக்காக நர்ஸ் படிப்பில் சேர்ந்து, ரத்தம் நனைத்த பஞ்சு ஒன்றைப் பார்த்ததும் வீட்டுக்கு ஓடி வந்தவள். பிறகு எலக்ட்ரிக்கல் படித்தாள். "கரண்ட்டுக்கு நாத்தம் கிடையாது பாரு" என்பாள் காரணம் கேட்டவர்களிடம். மீட்டரில் தெரியும் எண் மட்டும்தான் இந்த உலகத்தில் கை கழுவாமல் தொடக்கூடிய பொருள் என்பது அவள் கட்சி.

அப்படிப்பட்டவளை ஆஸ்பத்திரிக்குள் இழுத்து வந்தது நாத்தனாரின் பிரசவம். பச்சை உடம்புக்காரிக்கு இன்னும் பால் ஊறவில்லை. குழந்தைக்குப் பால் பவுடர்தான். அன்று உவ்வே அக்காதான் புட்டியைக் குலுக்கினாள். பவுடர் கரையவே இல்லை. கட்டி கட்டியாக மேலே மிதந்தது. பிளாஸ்க் தண்ணீரை உள்ளங்கையில் ஊற்றிப் பார்த்தாள். வெறும் வெதுவெதுப்பு.

"இது எப்போ பிடிச்சது?"

"இப்பதான் அண்ணி, கீழே கேன்டீன்ல அண்ணன் பிடிச்சிட்டு வந்தார். கொதிச்ச தண்ணினுதான் எல்லாருக்கும் தர்றாங்க."

புட்டியைக் கொட்டிவிட்டுக் கீழே இறங்கினாள். ஒயரைக் கவ்விப் பிடித்துக் கரண்ட்டை அளக்கும் கிளாம்ப் மீட்டர் எப்போதும் அவள் கைப்பையில் இருக்கும்.

கேன்டீன்காரர் தொப்பை குலுங்கச் சிரித்தார். "பாய்லர் நல்லாத்தான்மா இருக்கு. வோல்ட்டேஜ் கம்மி. நாம என்ன பண்றது? முதல்ல ஒரு டீ சாப்பிடுங்க."

காலையில் இங்கேயே பேப்பர் கப்பில் ஒன்று ஏற்கெனவே குடித்திருந்தாள். வேண்டாம் என்று தலையசைத்துவிட்டு, சுவரில் இருந்த பெட்டியைத் திறந்து மீட்டரை வைத்தாள். வோல்ட்டேஜ் இருநூற்று இருபத்தெட்டு. ஒரு குறையும் இல்லை. அடுத்து ஒற்றை ஒயரைக் கிளாம்பின் வாய்க்குள் விட்டுக் கரண்ட்டைப் பார்த்தாள். எட்டு புள்ளி ஆறு ஆம்பியர்.

பாய்லரின் நெற்றியில் ஆறாயிரம் வாட் என்று பொறித்திருந்தது. உள்ளே தண்ணீரைச் சூடாக்க, ஆளுக்கு இரண்டாயிரம் வாட்டாக மூன்று ராடுகள். மூன்றும் சூடேறினால் சுமார் இருபத்தாறு ஆம்பியர் ஓட வேண்டும். இங்கே இருநூற்று இருபத்தெட்டை எட்டு புள்ளி ஆறால் பெருக்கினால் இரண்டாயிரம் வாட்கூடத் தேறவில்லை. வகுத்துப் பார்த்தால் இருபத்தாறரை ஓம். அது ஒரே ஒரு ராடின் மின்தடை.

"அண்ணே, மூணுல ரெண்டு ராடு செத்துப்போச்சு. ஒண்ணுதான் தனியா மாரடிக்குது. இந்தக் கூட்டம் பிடிக்கப் பிடிக்க, தண்ணி வெதுவெதுப்பைத் தாண்டவே தாண்டாது."

"சூடு இருக்குல்லம்மா. அது போதாதா?"

 மெயினை அணைத்து, தண்ணீரை வடியவிட்டு, மேல்மூடியைக் கழற்றினாள்.

வாடை முதலில் வந்தது. அழுகிய துணியும் துருவும் கலந்த வாடை. செத்த ராடுகள் இரண்டும் உப்புப் படிந்து கைத்தடி பருமனுக்கு வீங்கி, வயிறு வெடித்துக் கிடந்தன. அடியில் விரல் கனத்துக்குப் பழுப்புக் கொழகொழப்பு. அதில் கரப்பான் இறக்கைகள், கறுத்துப்போன ஒரு டீ வடிகட்டித் துணி, பெயர் சொல்ல முடியாத வேறு ஏதோ.

காலையில் குடித்த டீ நினைவுக்கு வந்தது. கை கழுவும் தொட்டிக்கு ஓடிக் குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுத்தாள்.

திரும்பி வந்தபோது கேன்டீன்காரர் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். முகம் கோணவே இல்லை. "கொதிக்கிற தண்ணிக்குள்ள எது விழுந்தா என்னம்மா, செத்துடும்ல?"

"அதான் கொதிக்கவே இல்லையே அண்ணே. பிறந்த குழந்தைக்குக் குடுக்கிறாங்க இதை."

சேதி எட்டி ஆஸ்பத்திரி மேனேஜர் வந்தார். கைக்குட்டையால் மூக்கைப் பொத்தி, தூரத்திலேயே நின்றார். "பேஷன்ட் யாராவது பாக்கிறதுக்குள்ள மூடுங்க மேடம். அப்புறம் பாத்துக்கலாம்."

"கழுவாம மூட மாட்டேன் சார்."

கழுவத்தான் ஆள் இல்லை. துப்புரவு செய்பவர் அது கேன்டீன் வேலை என்றார். கேன்டீன் ஆட்கள் அது மெக்கானிக் வேலை என்றார்கள். கடைசியில் அவளே துப்பட்டாவை மூக்கில் இறுக்கிக் கட்டி, கையில் பாலித்தீன் பையை மாட்டிக்கொண்டு குனிந்தாள். சுரண்டி வாளியில் போடப் போடப் பாளம் பாளமாக வந்தது. நடுவில் எழுந்து எழுந்து ஓங்கரித்தாள். வயிற்றில் எதுவும் மிச்சமில்லாததால் கண்ணீர்தான் வந்தது.

வரிசையில் நின்ற ஒருவர் அவள் வாளியைக் குனிந்து பார்த்தார். "மேடம், டீ கிடைக்க இன்னும் எவ்வளவு நேரம் ஆகும்?"

அவள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். பின்னால் நின்றவர்களும் அதே கேள்வியோடு டம்ளரைப் பிடித்திருந்தார்கள். வாளியில் கிடந்ததைவிட அந்த முகங்களைப் பார்த்துத்தான் அவளுக்கு அதிகம் குமட்டியது.

அவள் போன் செய்ததும் கணவன் கடையிலிருந்து புது ராடுகளை வண்டியில் கொண்டு வந்தான்.  அவள் மூன்றையும் மாட்டி, தொட்டியை நிரப்பி, ஸ்விட்சைப் போட்டாள். இருபத்தைந்து புள்ளி எட்டு ஆம்பியர். கிட்டத்தட்ட முழு ஆறாயிரம் வாட். கொஞ்ச நேரத்தில் மூடி படபடக்க ஆவி வந்தது. எண் சரியாக வந்தால் அவள் முகம் மலரும், அன்று மலரவில்லை.

வீட்டுக்குப் போய்த் தலைக்குக் குளித்துவிட்டு வந்துதான் குழந்தையைத் தொட்டாள். குழந்தைக்குத் தண்ணீர் கொதிக்க வைக்க, அடுப்பும் பாத்திரமும் வீட்டிலிருந்தே வந்துவிட்டன.

நாத்தனாரை வீட்டுக்கு அனுப்பிய அன்று கேன்டீன் வழியாகத்தான் வெளியே வர வேண்டியிருந்தது. அங்கே அதே கேன்டீன்காரர், அதே சிரிப்பு. பாய்லருக்கு மேலே புதிதாக ஒரு பலகை தொங்கியது: 'இங்கு நன்கு கொதிக்க வைத்த சுத்தமான குடிநீர் மட்டுமே வழங்கப்படும்.'

"பாத்தீங்களாம்மா, எப்படி மெயின்டெயின் பண்றோம்னு" என்றார் பெருமையாக.

அவள் குழந்தையின் முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு வாசலைப் பார்த்து நடந்தாள்.