கோத்தகிரிக் கம்ப்யூட்டரும் கந்தன் காட்டிக்கொடுத்த ஆளும்

பாதயாத்திரைக் குழு அன்பர்கள் எல்லோருக்கும் கதிர்வேலின் வணக்கம். தைப்பூசத்துக்கு இன்னும் எத்தனையோ மாதம் கிடக்கிறது, இந்த ஆடிக் குளிரில் உரக்கடைக்காரன் ஏன் மொட்டைத் தலையோடு திரிகிறான் என்று போன கிருத்திகை பஜனையில் ஆளாளுக்குக் கேட்டீர்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி மாளவில்லை. அதனால் நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன். என் மானம் போகிற விஷயம்தான். போனால் போகட்டும், முருகன் பெயர் நிற்கட்டும்.

ஒரு கம்ப்யூட்டர் என்னை நான்கு நாள் படாத பாடு படுத்தியது. சிரிக்க வேண்டாம். அதில் என் தங்கையின் பிழைப்பு இருந்தது.

மல்லிகாவை உங்களில் பலருக்குத் தெரியும். சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொண்டிருந்தவள். ஆறு வருடத்துக்கு முன்னால் விழித்திரை நோயில் இரண்டு கண்ணும் போய்விட்டது. அதற்குப் பிறகு, திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் மென்பொருளை வைத்துப் பழகி, கண்ணுள்ளவர்களைவிட வேகமாகத் தட்டச்சு செய்யக் கற்றுக்கொண்டாள். நான்கு இடத்தில் வேலைக்கு எழுதிப் போட்டாள். நான்கிலும் பரீட்சையில் தேறினாள். பார்வை இல்லை என்று தெரிந்ததும், சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள். யாரும் சொல்லி அனுப்பவில்லை.

ஐந்தாவதாகக் கோயம்புத்தூர்க் கம்பெனி ஒன்று அவளை எடுத்துக்கொண்டது. டாக்டர்கள் பேசிப் பதிவு செய்ததைக் கேட்டு எழுத வேண்டும். வீட்டிலிருந்தே செய்யலாம். ஒரே நிபந்தனை, அவர்கள் சொன்ன வேகத்தில் சொந்தமாகக் கம்ப்யூட்டர் வேண்டும். திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு அதிலிருந்து இணையம் வழியாக அவள் கம்பெனிக்குள் நுழைய வேண்டும். வராவிட்டால் அந்த இடம் பட்டியலில் அடுத்த ஆளுக்குப் போய்விடும்.

கோத்தகிரியில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் பிஜு, கோயம்புத்தூரிலிருந்து பாகம் பாகமாக வரவழைத்து வியாழக்கிழமை காலை எங்கள் வீட்டு மேஜையில் பரப்பினார். கூடலூர்க்காரர், நிதானமான மனிதர். ப்ராசஸர் என்ற சின்னச் சதுர வில்லையைக் காட்டி, "சேட்டா, இதாணு மூளை. இது ஓடினாத்தான் பாக்கி எல்லாம்" என்றார். பிறகு டீ குடிக்கப் போனார். நம் வழக்கம் உங்களுக்குத் தெரியாததா? புதுத் தராசு வந்தாலும் சரி, புதுப் பூட்டு வந்தாலும் சரி, பழனி விபூதி வைக்காமல் நான் தொட மாட்டேன். அன்றைக்கும் வைத்துக் கும்பிட்டேன். முருகா, நீ உள்ளே இருந்து பார்த்துக்கொள் என்று சொன்னேன். அதில் ஒன்றும் புதுமையில்லை என்று அப்போது நினைத்தேன்.

மத்தியானம் எல்லாவற்றையும் பூட்டி பிஜு சுவிட்சைப் போட்டார். விசிறி சுற்றியது. நின்றது. மறுபடியும் சுற்றியது. நின்றது. திரை கறுப்பு. உள்ளே பலகையின் ஓரத்தில் ஒரு சிவப்பு விளக்கு மட்டும் எரிந்தது. ப்ராசஸர் பேச மாட்டேன் என்கிறது, அதற்குத்தான் அந்த விளக்கு என்றார் பிஜு.

அப்போது ஆரம்பித்தது என் தலைவலி. பிஜு ரேமைக் கழற்றி மாட்டினார். மின்சாரம் போகிற கம்பிகளைப் பிடுங்கி மறுபடியும் செருகினார். பலகையில் காசளவு இருக்கும் பேட்டரியை எடுத்துவிட்டுப் போட்டார். வேறு பவர் சப்ளை கொண்டுவந்து பார்த்தார். எதற்கும் அது அசையவில்லை. விற்றவர்களின் உதவி எண்ணுக்குப் போன் போட்டேன். முக்கால் மணி நேரம் பாட்டுக் கேட்க வைத்தபின் ஒரு பெண், "அணைத்துவிட்டுத் திரும்பப் போட்டுப் பாருங்கள் சார்" என்றாள். அம்மா, அது தானாகவே அதைத்தான் நிமிடத்துக்குப் பத்துத் தடவை செய்துகொண்டிருக்கிறது என்றேன். அவளுக்குப் புரியவில்லை.

என் உரக்கடைக்கு வருகிறவர்கள் சும்மா இருந்தார்களா? கேரட் விதை வாங்க வந்தவர், பனி இறங்கியிருக்கும், அடுப்புப் பக்கத்தில் வையுங்கள் என்றார். பூச்சிமருந்து வாங்க வந்தவர், மேஜையை வடக்குப் பார்த்துத் திருப்புங்கள் என்றார். திருப்பினேன். இடுப்புப் பிடித்துக்கொண்டதுதான் மிச்சம். பிஜு தன் பழைய லேப்டாப்பை இரவல் கொடுத்தார். கம்பெனியின் சோதனை அதை வேகம் பற்றாது என்று தள்ளிவிட்டது.

சனிக்கிழமை காலை பிஜு கையை விரித்தார். ப்ராசஸரே கெட்டிருக்கலாம், திருப்பி அனுப்பினால் மாற்று வரப் பத்து நாளாகும் என்றார். எனக்கு எங்கிருந்தோ கோபம் வந்துவிட்டது.

"பழைய சாமானைப் புதுப் பெட்டியில போட்டுக் கொண்டாந்துட்டீங்களா? நேராச் சொல்லிப்போடுங்க" என்று கேட்டேன்.

பிஜுவின் முகம் சுருங்கிவிட்டது. "சேட்டா, பதிமூணு கொல்லமா, பதிமூணு வருசமா இந்தத் தொழில் செய்யறேன். ஒருத்தரும் என்னை இப்படிக் கேட்டதில்ல" என்றார். நாளைக்கு வந்து ப்ராசஸரைக் கழற்றிக் கோயம்புத்தூருக்கு அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார். டீயைக்கூடக் குடிக்கவில்லை.

நான் திரை கறுப்பு, திரை கறுப்பு என்று வீடு முழுவதும் கத்திக்கொண்டிருந்தேன். மல்லிகா சுவரைத் தடவிக்கொண்டு வந்து நின்றாள்.

"ஏனுங்ணா, மூணு நாளாத் திரை கறுப்பா இருக்குதுன்னு இந்தக் கத்துக் கத்தறீங்க. எனக்கு ஆறு வருசமா அப்படித்தான் இருக்குது. நான் கத்தறனா?"

கொஞ்ச நேரத்தில் பக்கத்து அறையில் டக்டக்கென்று சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். எதிலும் மாட்டாத கீபோர்டை மடியில் வைத்துக்கொண்டு அவள் வேகமாக அடித்துப் பழகிக்கொண்டிருந்தாள். எங்கேயும் போய்ச் சேராத எழுத்துகள். எனக்குத் தாங்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு மேட்டிலிருக்கும் நம் முருகன் கோயிலுக்குப் போய்விட்டேன்.

உண்மையைச் சொல்கிறேன், அன்றைக்கு நான் கும்பிடவில்லை, சண்டை போட்டேன். ஐந்து வருடம் உன் மலைக்குக் கால் கொப்பளிக்க நடந்தேனே, ஒரு பெட்டியை ஓடவைக்க உனக்கு மனசில்லையா என்று கேட்டேன். அழுதேன். கடைசியில் பிஜுவை மனத்தில் வைத்துக்கொண்டு, "இதைக் கெடுத்தவன் எவனோ அவனை என் கண் முன்னால் காட்டிக் கொடு. காட்டினால் பழனிக்கு வந்து மொட்டை போடுகிறேன்" என்று வேண்டினேன். கவனியுங்கள், தங்கைக்கு வேலை கொடு என்றுகூட நான் கேட்கவில்லை. ஆளைக் காட்டு என்றுதான் கேட்டேன். புத்தி அப்படிப் போயிற்று.

ஞாயிற்றுக்கிழமை காலை, எதிர் வீடு தெரியாத அளவுக்கு மூடுபனி வாசலில் நின்றது. பிஜு சொன்னபடி வந்தார். என்னோடு பேசவில்லை. விசிறியைக் கழற்றி, சூடு இறங்குவதற்காக மேலே தடவியிருந்த பசையைத் துடைத்து, ப்ராசஸரை ஓரத்தில் பிடித்துத் தூக்கினார். பெட்டிக்குள் வைக்கப் போனவரை மல்லிகா நிறுத்தினாள்.

"அண்ணனை இந்தப் பாடு படுத்துனது எதுன்னு நானும் ஒருக்காத் தொட்டுப் பாக்கறனுங்க."

"அடியில விரல் படாம ஓரத்தப் பிடிங்க சேச்சி" என்று பிஜு அவள் கையில் வைத்தார். அவள் அதை முகத்துக்கு அருகே கொண்டுபோனாள். எதையும் முகர்ந்து பார்ப்பது அவள் பழக்கம். நெற்றி சுருங்கியது. மறுபடியும் முகர்ந்தாள்.

"ஏனுங்ணா, இதுல பழனி விபூதி வாசம் அடிக்குது."

பிஜு வாங்கித் திருப்பினார். அடிப்பக்கத்தில், தங்கப் புள்ளிகள் வரிசை வரிசையாக இருக்கிற இடத்தில், மூன்று பட்டை விபூதி. சுண்டுவிரல் நுனியால் நான் போட்டது. நடுவில் ஒரு குங்குமப் பொட்டு வேறு.

மேல் பக்கத்தில் பசை தடவுவார்கள், விபூதி அழிந்துபோகும், அடியில் தங்கமாக லட்சணமாக இருக்கிறதே, அங்கே இருந்தால் யாரும் துடைக்க மாட்டார்கள் என்று வியாழக்கிழமை நான்தான் யோசித்து வைத்தேன். பிஜு டீ குடித்துவிட்டு வந்து, ஓரத்தைப் பிடித்து, அடியைப் பார்க்காமல் அப்படியே உட்கார வைத்துவிட்டார். அந்தப் புள்ளிகள் வழியாகத்தான் மூளை பேசுமாம். அதன் வாயில் நான் விபூதியை அடைத்திருக்கிறேன். நம் ஊர் ஈரத்தில் அது குழைந்து பூசி மெழுகினாற்போல் ஆகியிருந்தது.

ஆளைக் காட்டு என்று கேட்டேன். கைரேகையோடு காட்டிவிட்டான்.

பிஜு என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "என்டெ தெய்வமே" என்று மட்டும் சொன்னார். என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "தப்பு என் மேல. உங்களைப் பேசுனதும் தப்பு. மன்னிச்சுப்போடுங்க" என்றேன். அவர் கையை இழுத்துக்கொள்ளவில்லை. "முதல்ல ஸ்பிரிட் கொண்டா சேட்டா" என்றார்.

வில்லையை ஸ்பிரிட்டில் துடைப்பது சுலபம். அது உட்காரும் இடத்தில் மயிரிழைபோல் ஆயிரத்துச் சொச்சம் கம்பிகள். ஒன்று வளைந்தாலும் பலகையே போயிற்று. பிஜு கண்ணாடியை மாட்டிக்கொண்டு, தூசு ஊதும் ரப்பர்ப் பந்தும் மெல்லிய தூரிகையுமாக இரண்டு மணி நேரம் குனிந்தே இருந்தார். நான் மூச்சு விடவும் பயந்து மூலையில் உட்கார்ந்திருந்தேன். அப்போதுதான் அந்த நான்கு நாளில் முதல் தடவையாக ஒழுங்காகக் கும்பிட்டேன். முருகா, ஆளைக் காட்டிவிட்டாய், அவன் முட்டாள் என்பதும் தெரிந்துவிட்டது. அவனை விடு. அந்தப் பெண்ணைப் பார்.

புதுப் பசை தடவி எல்லாவற்றையும் பூட்டி பிஜு சுவிட்சைப் போட்டார். சிவப்பு விளக்கு எரிந்தது. மல்லிகா மேஜையில் காதை வைத்து விசிறியை எண்ண ஆரம்பித்தாள். இத்தனை நாளும் மூன்று எண்ணுவதற்குள் அது நின்றுவிடும், அது அவளுக்குத்தான் தெரியும்.

"ஒண்ணு... ரெண்டு... மூணு..."

நிற்கவில்லை.

"நாலு... அஞ்சு..." ஆறு சொல்லிவிட்டு அவள் மேஜையிலிருந்து காதை எடுத்தாள். விளக்கு அணைந்திருந்தது. திரையில் வெளிச்சம் வந்ததை நான் அவளிடம் சொல்லவே இல்லை, கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தேன். பிஜுதான் சொன்னார்.

அன்றைக்கே எல்லா மென்பொருளையும் ஏற்றினார். திங்கட்கிழமை ஒன்பதுக்கு ஐந்து நிமிடம் முன்னால் மல்லிகா உள்ளே போனாள். வேலை அவளுடையதாயிற்று. இன்றைக்கும் அந்த அறையிலிருந்து டக்டக் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கிறது, அந்த எழுத்துகள் இப்போது எங்கேயோ போய்ச் சேருகின்றன.

நேர்ந்துகொண்டபடி பழனிக்குப் போய் மொட்டை போட்டேன். பிஜுவும் கூட வந்தார். அன்பர்களே, அவன் கேட்டதைக் கொடுக்கிறவன், நம்பிக் கேளுங்கள். ஆனால் குற்றவாளியைக் காட்டு என்று மட்டும் கேட்கிறவர்கள், முதலில் உங்கள் விரலை ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். அடுத்தவரைச் சட்டென்று சந்தேகப்படுகிற என் வாய், அந்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து கொஞ்சம் அடங்கியிருக்கிறது. வீட்டில் கேட்டாலும் சொல்வார்கள்.

தினமும் காலையில் வேலைக்கு உட்காரும் முன் மல்லிகா விபூதி வாங்கித் தன் நெற்றியில் இட்டுக்கொள்கிறாள். மிச்சத்தை என் பக்கம் நீட்டி, ஒரு நாள் தவறாமல் இதைச் சொல்கிறாள்:

"உங்க நெத்தியில பூசிக்கோங்ணா. கையக் கழுவிப்போட்டு வந்து அப்பறம் சுவிட்சப் போடுங்க."